பயிர் வைத்தவருக்கா, பட்டா வைத்திருப்பவருக்கா?

அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். காலையிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள், பார்த்தாயிற்று. மழையில் பயிர் மூழ்கினால் அரசு கொடுக்கும் நிவாரணப் பணத்தைக் கிண்டலடித்து, "மழை பெஞ்சா டெல்டாக்காரனுக்கு ஜாக்பாட்" என்று வீடியோவில் பேசும் அந்த அண்ணன் சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே சிரித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

சரி, ஜாக்பாட் எவ்வளவு? 2024 ஃபெஞ்சல் புயலில் மூழ்கிய நெல்லுக்கு அறிவித்தது ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்குப் பிரித்தால் 7,000 கூடத் தேறாது. அதுவும் 33 சதவீதமாவது சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான். உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், களையெடுப்பு எல்லாம் முடிந்த வயலுக்கு இது எந்த மூலைக்கு?

தொகைக்காக நான் சண்டை போட வரவில்லை. அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. பயிர் வைத்தவருக்கு இல்லை.

என் சித்தப்பா நாகப்பட்டினம் பக்கம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். நிலத்துக்காரர் இருப்பது திருச்சியில். ஒரு சம்பாவில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை, தண்ணீர் வடியவே இல்லை. கணக்கெடுக்க வந்தவர்களுக்கு முட்டியளவு சேற்றில் இறங்கி அழுகிய பயிரைப் பிடுங்கிக் காட்டியவர் சித்தப்பா. சிட்டாவும் வங்கிப் புத்தகமும் கொடுத்தவர் நிலத்துக்காரர். பணம் ஏறியதும் "குத்தகையில கழிச்சுக்கலாம்ப்பா" என்றார். அடுத்த அறுவடையில் ஒரு மரக்கால் குறையாமல் அளந்துகொண்டு போனார்.

எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று காட்டும் அடங்கலை சித்தப்பா பெயரில் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். நிலத்துக்காரர் சம்மதித்தால் வாங்கலாம். எழுத்தில் கொடுத்தால் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தை விடமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அப்புறம், பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று ஒருவர் வருவார். அதற்கும் அடங்கல் வேண்டும் ஐயா. அந்த இழப்பீடும் பொதுவாக வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்த்துத்தான் வரும். மேட்டு வயல்கள் விளைந்துவிட்டால் பள்ளத்தில் மூழ்கியவர் கணக்கிலேயே வராமல் போகலாம். பொய்க் கணக்குக் காட்டி நிவாரணம் வாங்குகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எங்கேதான் இல்லை?

நிலம் அவருடையது, நிவாரணமும் அவருக்குத்தான் என்று நியாயம் பேசுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2023 மிக்ஜாம் புயலில் சென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். நான் இருந்தது வாடகை வீடு. என்னிடம் யாராவது வீட்டுப் பத்திரம் கேட்டார்களா? வீட்டு ஓனர் கணக்கில் போட்டார்களா? நனைந்தது என் மெத்தை, அதனால் பணம் என் கையில். அன்றைக்கு என்னோடு வரிசையில் நின்ற உங்களில் ஒருவர்கூட அதை ஜாக்பாட் என்று சொல்லவில்லை. மாநகரத்தில் வாடகைக்காரருக்கு ஒரு நியாயம், வயலில் குத்தகைக்காரருக்கு ஒரு நியாயமா? சேற்றில் நிற்கிறவர் என்றால் எது வேண்டுமானாலும் சொல்லலாம், இல்லையா?

கணக்கெடுக்கும் தாளில் சாகுபடி செய்கிறவர் பெயருக்கு ஒரு கட்டம் போட்டு, பணத்தை அந்தப் பெயருக்கு அனுப்புங்கள். எந்த வயலை யார் உழுகிறார் என்பது தெருமுனை டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். விஏஓவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் எல்லோருக்கும் வசதி போலிருக்கிறது.