நோரா ஜோன்ஸும் ப்ளூ நோட்டும்: அந்த ஃபார்வர்டு தவறு

"ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான ப்ளூ நோட் பாடகர்களையே சேர்த்ததில்லை, சிதார் கலைஞர் ரவிசங்கர் மகள் என்பதற்காகப் பாடகி நோரா ஜோன்ஸை எடுத்து, ஜாஸ் பிரிவில் கிராமியும் வாங்கித் தந்தது" என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது.

1939இல் தொடங்கிய ப்ளூ நோட், அறுபதுகளிலேயே ஷீலா ஜோர்டனின் குரலில் ஒரு முழு ஆல்பம் வெளியிட்டது. தொண்ணூறுகளில் கசாண்ட்ரா வில்சன் அங்கேதான் பாடினார், கிராமியும் வாங்கினார். நோரா டெக்ஸாஸில் தாயிடம் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்தவர். 2003இல் அவர் வாங்கிய 5 கிராமிகளில் ஒன்றுகூட ஜாஸ் பிரிவில் இல்லை. அவர் பாட்டு ஜாஸா, பாப் இசையா என்று தாராளமாகச் சண்டை போடலாம், எனக்கும் அது பாப்தான்.

கிராமி இணையதளத்தில் அவர் பெயரைத் தேடினால் பிரிவு வாரியாகப் பட்டியல் வரும். பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.