சத்தம் கூடினால் கனம் வந்துவிடாது

புதிய மெட்டல் (கனத்த ராக் இசை) ஆல்பங்களின் பலமே அவற்றின் சத்தம்தான் என்று உங்கள் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆல்பத்தை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில், மொத்தச் சத்தத்தைக் கூட்டுவதற்காக ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டரை அளவுக்கு மீறி அழுத்தினால் முதலில் அடிபடுவது டிரம்ஸ். ஸ்னேர் டிரம்மில் குச்சி விழும் கணத்தின் கூர்மை மழுங்கி, கிட்டார் இரைச்சலுக்குள் புதைந்துவிடுகிறது. இரு கால்களாலும் வேகமாக அடிக்கும் டபுள் பேஸ் டிரம் தனித்தனி அடிகளாகக் கேட்பதில்லை. மெதுவான தொடக்கமும் முழு இசைக்குழுவும் இறங்கும் இடமும் ஒரே சத்தத்தில் இருந்தால், அப்புறம் அந்தத் தொடக்கம் எதற்கு?

2008இல் மெட்டாலிகா இசைக்குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது இதுதான் நடந்தது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் இவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட ரசிகர்கள் கொதித்துப்போய், ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்யச் (தனித்தனிப் பதிவுகளை மறுபடி ஒன்றாகக் கலக்கச்) சொல்லி மனுவே போட்டார்கள். தன் கைக்கு வந்தபோதே மிக்ஸ் அப்படித்தான் இருந்தது என்றார் மாஸ்டரிங் செய்தவர். அதனால் பழி முழுவதையும் மாஸ்டரிங் பொறியாளர் மேல் போடுவதும் சரியில்லை.

இன்று ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களின் சத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவுக்கு, அதாவது சுமார் -14 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (காதில் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), கொண்டுவந்துவிடுகின்றன. நசுக்கிய ஆல்பத்தின் சத்தம் அங்கே குறைந்துவிடும், இழந்த டைனமிக்ஸ், அதாவது சத்தத்தின் ஏற்ற இறக்கம், மட்டும் திரும்பாது. அடுத்த விமர்சனத்தில் ஆல்பத்தின் டைனமிக் ரேஞ்ச் எவ்வளவு என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.