வாரத்தில் மூன்று நாள் வேலை பார்த்த ஜேனட் ரோலி

சென்ற வாரம் ஆய்வு உதவித்தொகைக்கான நேர்முகத் தேர்வு முடிந்து என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய ஆய்வுத் திட்டத்தைப் பற்றி இரண்டே கேள்விகள்தாம் கேட்டார்களாம். மீதி நேரமெல்லாம், அவள் வேலைக்குப் போகாமல் இரண்டு குழந்தைகளை வளர்த்த நான்கு ஆண்டுகளைப் பற்றியே விசாரித்தார்களாம். அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இரத்தப் புற்றுநோய்க்கும் குரோமோசோம்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அமெரிக்க மரபியல் அறிஞர் ஜேனட் ரோலிக்கு 1944இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கென வைத்திருந்த மூன்று இடங்களும் நிரம்பிவிட்டதால், அடுத்த வகுப்பு தொடங்கும்வரை ஒன்பது மாதங்கள் காத்திருந்தார். 1948இல் பட்டம் பெற்ற மறுநாளே திருமணம். அடுத்தடுத்து நான்கு ஆண் பிள்ளைகள். அவர்களை வளர்த்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள், வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, அக்குழந்தைகளின் உயிரணுக்களில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் ஒன்று கூடுதலாக இருப்பதாக 1959இல் பிரான்சிலிருந்து வந்த செய்தி அவரைக் குரோமோசோம்களின் பக்கம் திருப்பியது. கணவருடன் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்த ஓராண்டில் குரோமோசோம்களை ஆராயும் வேலையைக் கற்றுக்கொண்டு சிகாகோ திரும்பியவர், இரத்தவியல் அறிஞர் லியோன் ஜேக்கப்சனிடம் போய் ஒரு நுண்ணோக்கியும் வேலை செய்ய இடமும் சிறிது சம்பளமும் கேட்டார். பெரிய ஆய்வுக் கட்டுரை எதுவும் கையில் இல்லாத, நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தத் தாய்க்கு ஜேக்கப்சன் மூன்றையும் கொடுத்தார். அவர் கொடுத்தது பத்தாண்டு கழித்துத்தான் பலன் தந்தது என்பதை நம் தேர்வுக் குழுவினர் கவனிக்க வேண்டும்.

அறுபதுகளில் எல்லாக் குரோமோசோம்களும் ஒரே சாயத்தில் ஒரே மாதிரியாகத் தெரிந்தன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதே பெரும்பாடு. ஒளிரும் சாயத்தால் ஒவ்வொன்றின் மீதும் தனித்தனிப் பட்டைகளைக் காட்டும் முறை வந்ததும், அதை மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்க் கற்றார். பிறகு இரத்தப் புற்றுநோயாளிகளின் குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கத்தரித்து, இணை இணையாக அடுக்கலானார். காகிதப் பொம்மை வைத்து விளையாட அம்மாவுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். நான் இத்துறைக்கு வந்தபோதும் கத்தரிக்கோலும் பசையும்தான். சென்னை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, சீரகம் அளவுள்ள துண்டுகளை நகர்த்துவோம். ஒரு துண்டு பறந்தால் அரைநாள் வேலை போச்சு.

1960இல் நவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விஷயத்தைக் கண்டிருந்தார்கள்: நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளிடம் 22ஆம் குரோமோசோம் குட்டையாக இருந்தது. குறைந்த துண்டு தொலைந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். ரோலி அதே உயிரணுக்களில் 9ஆம் குரோமோசோம் சற்று நீண்டிருப்பதைப் பார்த்தார். அந்தத் துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருந்தது. 1973இல் அது 'நேச்சர்' இதழில் வெளியானது. குரோமோசோம் கோளாறு புற்றுநோயின் விளைவுதானே தவிர காரணமில்லை என்று நம்பியவர்களை இணங்க வைக்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

இடம் மாறிய அந்த இணைப்பில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, உயிரணுவை ஓயாமல் பெருகத் தூண்டும் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன என்பது எண்பதுகளில் தெளிவானது. அப்புரதத்தை அடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதுவரை சில ஆண்டுகளே உயிர் வாழ்ந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இன்று மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அம்மாத்திரைக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது நமது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த நிராகரிப்பை உறுதிசெய்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை சொல்லப்பட்ட மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், 88ஆம் வயதில், ரோலி காலமானார்.

குடும்பப் பொறுப்பால் பணியை விட்ட பெண்களுக்கென மத்திய அரசு தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் பொதுவான தேர்வுகளில், விட்டுப்போன ஆண்டுகளைக் குற்றம்போல் விசாரிக்கும் வழக்கம் மாறவில்லை. முழுநேர வேலையும் இடைவிடாத பணிச் சான்றும் கேட்கும் நமது விதிகளின்படி பார்த்தால், 1962இன் ஜேனட் ரோலிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம்கூடப் போயிருக்காது. என் மாணவி எலும்பு மஜ்ஜை மாதிரிகளை வைத்து எழுதியிருக்கும் திட்டத்தை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். அதில் கேட்பதற்கு எத்தனையோ கேள்விகள் உண்டு. அடுத்த சுற்றில் அமரப்போகும் குழுவினர் தயவுசெய்து அவற்றைக் கேளுங்கள்.