பிராட்காஸ்ட் எல்லாருக்கும் போகாது

"வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் எண்களை ஏற்றிவிட்டால் எல்லா வாடிக்கையாளருக்கும் செய்தி போய்விடும், தினமும் இன்ஸ்டாவில் மல்லுக்கட்ட வேண்டாம்" என்கிறீர்கள் அண்ணே. முதல் பாதி தவறு. பிராட்காஸ்ட் என்பது ஒரே செய்தியைப் பட்டியலில் உள்ள பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்குத்தான் அது போகும். அதிலும் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். பொடிக் கடை ஆரம்பித்த புதிதில் நானும் பில் புத்தகத்திலிருந்த எண்களையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து ஏற்றினேன். பருப்புப்பொடி படம் அனுப்பிவிட்டுப் பார்த்தால், போய்ச் சேர்ந்தது பாதிகூட இல்லை. இப்போது பொட்டலத்தோடு ஒரு சீட்டு வைக்கிறேன்: 'எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.'

மல்லுக்கட்ட வேண்டாம் என்பது சரிதான். ஞாயிறு மாலை அரை மணி நேரம், இன்ஸ்டா பதிவுகளை முன்கூட்டியே தயார் செய்து வைக்க உதவும் மெட்டா பிசினஸ் ஸூட்டில் வாரத்துக்கான மூன்று பதிவுகளுக்கும் நேரம் குறித்து வைத்துவிடுகிறேன். அதற்குக் காசு கிடையாது.