போர் சலூ இப்போது மடத்துச் சீஸ் இல்லை

"போர் சலூ சீஸை இன்றைக்கும் துறவிகள்தான் கையால் செய்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பிறந்தது மடத்தில்தான். பிரெஞ்சுப் புரட்சியில் நாட்டைவிட்டுப் போன டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகள் 1815இல் திரும்பி வந்து, பிரான்ஸின் மயென் பகுதியில் ஆன்ட்ராம் என்ற ஊரில் மடம் அமைத்தார்கள். அங்கே உருவான சீஸ் இது. ஆனால் 1959இலேயே பெயர் உரிமையை ஒரு பால் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இப்போது கடையில் கிடைப்பது ஆலைச் சரக்கு. அந்த ஆரஞ்சுத் தோல்கூட, முன்பு உப்புநீரில் கழுவிக் கழுவி வந்த நிறம், இப்போது சாயம். சுவை மோசமில்லை, மெத்தென்று இருக்கும், காரம் கிடையாது. துறவிகள் கைபட்டதுதான் வேண்டுமென்றால் பிரான்ஸின் பர்கண்டி பகுதியிலுள்ள சீத்தோ மடத்துச் சீஸைத் தேடிப் பாருங்கள்.