எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்?

வெள்ளிக்கிழமை நடந்த அந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுவதால், நான் கேட்டதை நானே எழுதிவிடுகிறேன். பார்வையாளர் வரிசையிலிருந்து கேட்டது ஒரே கேள்விதான்: “இந்தக் கூகுள் படிவத்தை எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்?” 384 பேர் நிரப்பினார்கள் என்றார் ஆய்வாளர். நிரப்பியவர்களின் கணக்கை நான் கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. அன்று மாலைக்குள் நான் மாணவர் விரோதியாகிவிட்டேன்.

எத்தனை பேர் உள்ள கூட்டத்துக்கு எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில், பத்து லட்சம் பேருக்கு நேரே இருக்கும் எண் 384. முழுப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கான எண் அது. வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் போட்டுவிட்டு, 384 சேர்ந்ததும் படிவத்தை மூடுகிறவர்களுக்கானது அன்று. அந்த ஆய்வின் தலைப்போ கிராமப்புறப் பெண்களின் டிஜிட்டல் பணப் பரிவர்த்தனை! 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 33.3 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, “பெரும்பாலோர் பயன்படுத்துகின்றனர்” என்று முடிவெழுதுவதற்கு ஆய்வு எதற்கு?

384 போதாதென்றால் ஆயிரமாக்கிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லேண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பதில் போடாதவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்பதை அந்த இதழ் கருதவில்லை. ஆனால் எத்தனை அனுப்பினோம் என்பதாவது அதற்குத் தெரிந்திருந்தது.

ஊர் ஊராகப் போக யார் பணம் தருவது என்ற கேள்வி நியாயமானது. உதவித்தொகையே இல்லாமல் ஆய்வு செய்கிறவர்களை நான் அறிவேன். பெருந்தொற்றுக் காலத்தில் நீங்களும்தானே படிவம் அனுப்பினீர்கள் என்கிறார்கள். அனுப்பினேன், அப்போது வீட்டைவிட்டு வெளியே போக முடியவில்லை, அதையும் இதையும் ஒப்பிடாதீர்கள். 2012இல் 600 கல்லூரி ஆசிரியர்களுக்கு மின்னஞ்சலில் வினாப்பட்டியல் அனுப்பி, இரண்டு முறை நினைவூட்டியும், 43 பதில்களே வந்தன. 557 பேர் பதில் தரவில்லை என்று கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தது. நான் யாரையும் பழிக்கவில்லை. பதினைந்து மின்னஞ்சல் கணக்குகளைத் திறந்து நானே நிரப்பிக்கொள்ளவும் இல்லை.

1994இல் கைத்தறி நெசவாளர்களின் கடனைப் பற்றி ஆய்வு செய்தபோது, ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்து, கடனே இல்லை என்று சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை உள்ளே, மாமியார் இருந்த பக்கம் போனது. மறுநாள் தறிக்குழியருகே தனியாக இருந்தபோது, மூன்று இடங்களில் வாங்கிய கடனை விரல்விட்டுச் சொன்னார். அந்தப் பார்வையைப் பதிவு செய்யக் கட்டாயக் கேள்விக்கான சிவப்பு நட்சத்திரத்தால் முடியுமா? இதைச் சொன்னால், பழைய காலத்து ஆள் என்கிறார்கள். அன்று சிரித்தவர்களில் ஒருவர் என்னிடமே கள ஆய்வு பயின்றவர் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

இன்று காலை, அந்த ஆய்வாளரின் வழிகாட்டியிடமே பயிலும் இன்னொரு மாணவர் எனக்கு ஓர் இணைப்பு அனுப்பியிருக்கிறார்: நெல் விவசாயிகளின் பயிர்க் காப்பீட்டு அனுபவம். எனக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை என்று எழுதினேன்.

“பரவாயில்லை ஐயா, நிரப்பிவிடுங்கள். இன்னும் பதினொன்றுதான் குறைகிறது.”