பதிவேடு சுத்தம் என்றால் சொத்தும் சுத்தமா?

"சொத்துப் பதிவேட்டில் கடன், வழக்கு எதுவும் இல்லையா? தைரியமாக வாங்குங்கள், வக்கீல் வீண் செலவு" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. பதிவேட்டில் ஏறாத உரிமைகளும் வாங்குபவரைக் கட்டுப்படுத்தலாம்.

1980-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பைப் பாருங்கள். வீடு கணவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தது. மனைவியும் பணம் போட்டிருந்தார், அங்கேயே குடியிருந்தார். அவரிடம் விசாரிக்காமல் கடன் கொடுத்த வங்கியால் வீட்டைக் கைப்பற்ற முடியவில்லை.

அதனால்தான் வக்கீல் இடத்தை நேரில் பார்க்கச் சொல்கிறார். கொடியில் யார் துணி காய்கிறது என்பதுகூட (சிரிக்காதீர்கள்) ஒரு துப்புதான். குடியிருப்பவரிடம் உரிமை கோரமாட்டேன் என்று எழுதி வாங்குவார். அப்புறம், பணம் கைமாறும் முன் பதிவேட்டை மறுபடி பார்ப்பார். இடையில் புது அடமானம் ஏறியிருக்கலாம்.